கருப்பாயியின் வளையல் சத்தம்

மே 8, வெள்ளி

நாற்பத்தொரு டிகிரி. பஸ் டிப்போவில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தாலும் வெந்நீர் ஊற்றுவதுபோல் இருக்கிறது. காலையிலிருந்து மூன்று வண்டி பிரேக்டவுன். டைம் கீப்பர் வேலை என்றால் வேறொன்றுமில்லை, வந்த வண்டிக்கு நேரம் எழுத வேண்டும், வராத வண்டிக்குத் திட்டு வாங்க வேண்டும். முப்பத்தொரு வருஷமாக இரண்டையும் ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறேன்.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது. டிப்போவுக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் தியேட்டரில் ஏசி உண்டு. அதற்காகத்தான் உள்ளே போனேன். என்ன படம் என்றுகூடப் பார்க்கவில்லை.

பொய் எதற்கு? பார்த்தேன். கருப்பாயி படம் வெளிவருகிறது என்று பிப்ரவரியிலிருந்தே தெரியும்.

ஒன்பது வருஷம் முன்னால் வந்தது ‘ஒத்தக்காது கருப்பாயி’. வெள்ளைக்காரன் எடுத்த கரடிப் படம். தமிழில் கொண்டுவந்தவர்கள் கரடிக்குக் கருப்பாயி என்று பேர் வைத்துவிட்டார்கள். மலையே நடுங்கும் கிழட்டுக் கரடி, ஒரு காது கிடையாது. அந்தக் காது எப்படிப் போனது என்பதுதான் இப்போது வந்திருக்கும் முன்கதை. கருப்பாயி குட்டியாக இருந்த காலம்.

குழந்தைப் படம் என்று சொல்பவன் ஒருநாள் உட்கார்ந்து பார்க்கட்டும். யாரையோ காப்பாற்றப் போய்க் காதை இழந்தாள் என்று கண்ணீர் விடவைப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை. ஒரு மீனுக்காகச் சொந்த அக்காளோடு சண்டை. அக்காள் கடித்துவிடுகிறாள். அவ்வளவுதான் காரணம். அதற்கப்புறம் இரண்டு பேரும் ஆற்றின் இக்கரையிலும் அக்கரையிலும் ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பத்து நிமிஷம் காட்டுகிறான். வசனமே இல்லை. பனி விழுகிற சத்தம் மட்டும். எவ்வளவு தைரியம் வேண்டும் அதற்கு!

வீட்டுக்குப் போய் மேகலாவிடம் ஓவர்டைம் என்று சொன்னேன்.

மே 9, சனி

காலை 5.40 எழுந்தேன். மேகலாவின் கழுத்துக் குழாயைக் கழற்றிக் கொதிநீரில் போட்டுக் கழுவி மாட்டினேன். இப்போது ஐந்து நிமிஷத்தில் முடிகிறது. அக்டோபரில் குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். புற்று. உயிர் பிழைத்தாள், அதற்கு நூறு கும்பிடு. மூச்சு மூக்கு வழியாக இல்லை, கழுத்தில் இருக்கும் துளை வழியாக. அதனால் வாசனையும் தெரியாது. இன்று அவள் முன்னாலேயே பால் தீய்ந்து போனது. நான் குளித்துவிட்டு வந்தால் வீடெல்லாம் நாற்றம், அவள் அடுப்புக்கு இரண்டடியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பாத்திரத்தைப் பார்த்ததும் அழுதாள். அழுகைக்கும் சத்தமில்லை. அதுதான் எனக்குப் பழகவே மாட்டேன் என்கிறது.

கூப்பிட வேண்டுமென்றால் டம்ளரை ஸ்பூனால் இரண்டு தட்டுத் தட்டுவாள். பேச வேண்டுமென்றால் சிலேட்டில் எழுதுவாள். கல்யாணமான இருபத்தெட்டு வருஷமும் ஒரு நாளைக்கு நாற்பது தடவை “ஏங்க” என்பாள். உப்பு எங்கே என்று கேட்கவும் ஏங்க, ஓடுகிற பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் ஏங்க. ஒரே ஒரு நாள் விடுமுறை விடேன் என்று கத்தியிருக்கிறேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீடு ஏழு மாதமாக இப்படித்தான் கிடக்கிறது.

மே 11, திங்கள்

மறுபடியும் போனேன். இந்த முறை ஏசி என்று சொல்ல முடியாது, ஏசி ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதாமல் விட்டேன். எழுதிவிடுகிறேன்.

ஆற்றங்கரைக் காட்சியோடு படம் முடிந்தது. பேர்கள் ஓட ஆரம்பித்தன. எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். நான் செருப்பைக் கழற்றி வைத்திருந்தேன், ஒன்று முன்வரிசைக்கு அடியில் போய்விட்டது. குனிந்து துழாவிக்கொண்டிருந்தேன். பேர்களெல்லாம் ஓடி முடியும் சமயத்தில் திரையில் ஒரு சின்னக் காட்சி. கிழவியாகிவிட்ட கருப்பாயி குகையிலிருந்து வெளியே வருகிறாள். பாறைக்குப் பின்னால் வழி தவறின குட்டி ஒன்று பதுங்கியிருக்கிறது. அதைப் பார்த்துச் சொல்கிறாள்:

“பயப்படாத. நான் இன்னும் இங்கதான் இருக்கேன்.”

மேகலாவின் குரல்.

ஆமாம். முதல் படத்தில் கருப்பாயிக்குத் தமிழ் பேசியது என் மனைவி. முப்பது வருஷ டப்பிங்கில் மாமியார், நர்ஸ், பேய், பேசும் கார் எல்லாம் பேசியிருக்கிறாள். கருப்பாயிதான் அவளுக்குச் செல்லம். முன்கதையில் இளங்கருப்பாயிக்கு தீக்ஷனா என்ற பெண் பேசியிருக்கிறாள், நன்றாகவே பேசியிருக்கிறாள். ஆனால் இந்தக் கடைசிக் காட்சி முதல் படத்தின் முதல் காட்சி. அந்தப் பழைய ஒலியையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

எப்படி உறுதியாகச் சொல்கிறேன் என்றால், வளையல். ‘இன்னும்’ என்ற இடத்தில் ணிங் என்று ஒரு சத்தம். டப்பிங் அறைக்குள் போகுமுன் வளையல், கொலுசு, கடிகாரம் எல்லாவற்றையும் வெளியே கழற்றி வைத்துவிட வேண்டும், பட்டுப் புடவை சரசரக்கும் என்று பருத்திதான் கட்டிக்கொண்டு போவார்கள். அன்று நேராகத் திருவொற்றியூர் மாசித் திருவிழாவிலிருந்து போனாள். நான் வாங்கிக் கொடுத்த கண்ணாடி வளையல் இறுக்கம், கழலவில்லை. கைக்குட்டையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பேசினாள். அந்தக் காட்சியின் கடைசி வசனத்தில் கைக்குட்டை நழுவிவிட்டது. ஒலிப்பதிவுக்காரர் கவனிக்காமல் ஓகே சொல்லிவிட்டார். படம் வந்தபிறகு தியேட்டரில் கேட்டுவிட்டு, ஒரு வாரம் சாப்பாடு இறங்காமல் கிடந்தாள். “கரடிக்கு ஏது வளையலு? ரீடேக் கேட்டிருக்கணும் நான்” என்று புலம்பினாள். எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷம்.

மே 13, புதன்

ஓவர்டைம்.

மே 15, வெள்ளி

இரண்டாவது வாரம். ஒரே ஒரு காட்சிதான், இரண்டரை மணிக்கு. கவுன்டரில் இருக்கும் அன்வர், குறைந்தது ஐந்து டிக்கெட்டாவது போனால்தான் ஷோ என்றார். நான் ஒருவன்தான் நின்றேன். ஐந்தையும் நானே வாங்கினேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன். ஆட்கள் எழுந்ததும் ஆபரேட்டர் படத்தை நிறுத்திவிடுகிறார். நம் ஊர் வழக்கம்தான், பேர் ஓட ஆரம்பித்தாலே கதவைத் திறந்து விளக்கைப் போட்டுவிடுவார்கள். கடைசி வரைக்கும் ஓடவிடச் சொல்லுங்கள் என்றேன். அன்வர் மேலே போன் போட்டுச் சொன்னார். “நீங்க என்ன சார், கரடிக்குச் சொந்தக்காரரா?” என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

மே 16, சனி

பிளெஸ்ஸி வந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண். டார்ச் லைட் மாதிரி ஒரு கருவி, தாடைக்குக் கீழே வைத்து அழுத்தினால் ஙொய் என்று அதிரும், உதட்டை அசைத்தால் அந்தச் சத்தமே பேச்சாகும். ஆஸ்பத்திரியில் மேகலா ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த யாரோ சிரித்துவிட்டார்கள். அன்றைக்குப் பெட்டியில் போட்டு மூடியவள் இன்றுவரை திறக்கவில்லை. பெட்டி பீரோவின் மேல் இருக்கிறது.

இன்றும் திறக்கவில்லை. பிளெஸ்ஸி வாசல்வரை வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

“சார், மேடத்துக்கு இருக்கிற உச்சரிப்புக்கு ஒரே வாரத்துல பேசிடுவாங்க. ஆனா மிஷின் டிரஸ்ட்டோடது. முப்பதாம் தேதி வரைக்கும்தான் வச்சிருக்க முடியும். இன்னொருத்தர் காத்துக்கிட்டு இருக்கார்.”

உள்ளே வந்து மேகலாவிடம் சொன்னேன். சிலேட்டில் எழுதினாள்: ‘அவருக்கே குடுத்துடுங்க.’

நான் கோபப்படவில்லை. கோபப்படத் தெம்பில்லை. ரசம் வைத்தேன், புளிப்பு அதிகம்.

மே 20, புதன்

மாட்டிக்கொண்டேன். துவைக்க எடுத்த சட்டைப்பையில் டிக்கெட்டுகள். இந்த வாரத்தவை எல்லாம் ஐந்து ஐந்தாக. ஓவர்டைமிலிருந்து திரும்பினால் மேஜைமேல் பரப்பி வைத்திருக்கிறாள், பக்கத்தில் சிலேட்.

‘கூட வந்த நாலு பேர் யாரு?’

சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. நாலும் காலி சீட்டு என்றேன். எழுதியதையே விரலால் தட்டித் தட்டிக் காட்டினாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிக் காட்சி, குரல், வளையல். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். ‘தீக்ஷனாதான் எல்லாம் பேசியிருப்பா. என்னைக் கூப்பிடவே இல்லை. மறந்துட்டாங்க’ என்று எழுதினாள். இவ்வளவு சின்ன சிலேட்டில் ‘மறந்துட்டாங்க’ மட்டும் பெரிதாக.

அப்போதுதான் இன்னொன்றையும் சொல்ல வேண்டி வந்தது. பிப்ரவரியில் ஸ்டூடியோவிலிருந்து போன் வந்தது. ஒரே ஒரு வசனம், மேகலா மேடம் வந்து பேசிக்கொடுத்தால் போதும் என்றார்கள். போனை எடுத்தது நான். ஆபரேஷனைப் பற்றிச் சொன்னேன். அப்புறம், பார்த்துக்கொள்கிறோம் சார் என்று வைத்துவிட்டார்கள். அவளிடம் சொல்லவில்லை. அந்த வாரம்தான் கண்ணாடியில் முதன்முதலாகக் கழுத்தைப் பார்த்திருந்தாள். எந்த வாயால் சொல்வேன்?

சிலேட்டை என்மேல் எறிந்தாள். நெற்றியில் படவில்லை, காதில் பட்டது. சிலேட்டின் மரச்சட்டம் விட்டுவிட்டது.

மே 21, வியாழன்

டம்ளர் தட்டவில்லை. குழாயைத் தானே கழுவிக்கொண்டாள்.

காது வீங்கியிருக்கிறது. டிப்போவில் ஒவ்வொருத்தனும் கேட்கிறான். கரடி கடித்தது என்றேன்.

மே 24, ஞாயிறு

நான்காவது நாள். இக்கரையில் நான், அக்கரையில் அவள், நடுவில் சோபா.

மாலை சிலேட்டைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். தீக்ஷனாவிடம் வாட்ஸ்அப்பில் கேட்டாளாம். ஆற்றங்கரையோடு படம் முடிகிறது, அப்புறம் ஒன்றும் இல்லை என்று அந்தப் பெண் பதில் போட்டிருக்கிறாள். பாவம், அவளும் பேர் ஓடும்போது எழுந்து வந்தவள்தானே.

செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வரலாமே என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. ஒருமுறை சட்டைப்பையில் கைகூட வைத்தேன். ஆனால் இது திருட்டு வீடியோ சிடியைக் கடைக்காரர் கண்ணெதிரிலேயே உடைத்தவளின் வீடு. அதை எப்படி அவள் கையில் கொடுப்பேன்?

“நீ வந்து கேளு. பொய்யின்னா அப்புறம் உன் இஷ்டம். மிஷினத் திருப்பிக் குடுத்துடலாம்.”

எழுதினாள்: ‘எதுக்கு இத்தனை தடவை போனீங்க?’

படம் நன்றாக இருக்கிறது என்றேன். அந்த ஆற்றங்கரை, பனி, அக்காள் தங்கை என்று ஏதேதோ சொன்னேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முப்பது வருஷம் அடுத்தவர் உதட்டைப் பார்த்துப் பார்த்துப் பேசினவளிடம் எதை மறைக்க?

“உன் குரலைக் கேக்கணும்போல இருந்துச்சு மேகலா. வீட்ல கேக்க முடியல.”

அழிப்பானை எடுத்துச் சிலேட்டைத் துடைத்தாள். எழுத்து எப்போதோ அழிந்துவிட்டது, ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மே 27, புதன்

நாளைதான் கடைசிக் காட்சி. வெள்ளிக்கிழமை புதுப்படம் என்று வாசலில் பெரிய கட்அவுட் ஏற்றுகிறார்கள்.

‘நாளைக்கு வரேன். அவ்வளவுதான்’ என்று எழுதிக் காட்டினாள். பீரோவின் மேல் பெட்டி இருந்த இடத்தில் தூசியில் ஒரு கட்டம் மட்டும் தெரிகிறது. பெட்டியை எடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. திருப்பிக் கொடுப்பதற்காகப் பையில் வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மே 28, வியாழன்

அரை நாள் லீவு. ஆட்டோவில் போனோம். தூசி போகாமல் இருக்க ஈர மெல்துணியைக் கழுத்தில் கட்டியிருந்தாள். பருத்திப் புடவை, தோளில் பை. தொளதொளவென்று கண்ணாடி வளையல் இரண்டு. உடம்பு இளைத்துவிட்டது.

அன்வர் மேகலாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இன்னிக்கு எத்தனை சார்?” என்றார். மேகலா முந்திக்கொண்டு ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். ஏழு மாதத்தில் அவள் செய்த முதல் கேலி. எனக்கு அந்த ஒன்றிலேயே தலைகால் புரியவில்லை.

அங்கேதான் கோட்டைவிட்டேன். ஒவ்வொரு நாளும் மறக்காமல் சொன்னதை, கடைசி வரைக்கும் ஓடவிடச் சொல்லுங்கள் என்பதை, இன்று சொல்லவில்லை. ஆட்டோவிலிருந்து இறங்கினாளா, துணி காய்ந்துவிட்டதா, படியில் மூச்சு வாங்குகிறதா என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு வருஷ டைம் கீப்பர்.

ஹாலில் நாங்கள் இரண்டு பேர், மூலையில் ஒரு காதல் ஜோடி. மேகலா படம் பார்க்கவில்லை, தீக்ஷனாவைத்தான் கேட்டாள். நன்றாகப் பேசின இடத்தில் என் முழங்கையைத் தட்டினாள். ஓர் இடத்தில் முகத்தைச் சுளித்தாள், அங்கே உதடு சேரவில்லையாம். ஆற்றங்கரைப் பனி விழுந்தபோது மட்டும் அசையாமல் இருந்தாள்.

4.09. பேர்கள் ஆரம்பித்தன. ஜோடி எழுந்து போனது. சட்டென்று திரை இருண்டது. விளக்குகள் எரிந்தன. கதவைத் திறந்துவிட்டார்கள், வெளி வெக்கை உள்ளே வந்தது.

அப்போதுதான் உறைத்தது. எழுந்து நின்று, “சார், இன்னும் இருக்கு சார்!” என்று கத்தினேன். ஆபரேட்டர் கேபின் கண்ணாடிக்குப் பின்னால் ஒருத்தர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை. என் குரல் டிப்போவிலேயே எடுபடாத குரல். மேகலா என்னைப் பார்த்தாள். நான் சொன்னதெல்லாம் பொய் என்று முடிவு கட்டிய பார்வையா, பாவம் இந்த மனுஷன் என்ற பார்வையா, தெரியவில்லை. அன்வரைத் தேடிப் படியில் ஓடினேன். கவுன்டர் பூட்டியிருந்தது. எல்லாம் போயிற்று, முப்பதாம் தேதி கருவியும் போகும், இனி டம்ளரும் ஸ்பூனும்தான் என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மாவு மிஷின் ஓடுவதுபோல. கரகரவென்று, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

“போடு.”

உள்ளே ஓடினேன். மேகலா நடு வழியில் நின்றிருந்தாள். தலை நிமிர்ந்து கேபினைப் பார்த்தபடி, கருவியைத் தாடைக்குக் கீழே அழுத்திப் பிடித்தபடி. கேபின்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருந்தார்.

“படம் முடியல. போடு. முப்பது வருஷமா எங்க பேரு வர்றதுக்குள்ள நிறுத்திடுறீங்க. இன்னிக்கு ஓடட்டும்.”

ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, சுத்தமாக விழுந்தது. காலி ஹால் முழுக்க. யாரும் சிரிக்கவில்லை. கேபின்காரர் “போடுறேன்மா” என்றார், தலை உள்ளே போனது.

பேர்கள் ஓடின. நாங்கள் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தோம். குகை வந்தது. பாறை வந்தது. கிழவி வந்தாள்.

“பயப்படாத. நான் இன்னும்,” ணிங், “இங்கதான் இருக்கேன்.”

மேகலாவின் வாய் அந்த வசனத்தோடு கூடவே அசைந்ததைப் பார்த்தேன். உதடு இம்மியும் பிசகவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. எனக்கும் வழிந்தது, எழுதுவதற்கென்ன வெட்கம்.

அதற்கப்புறம், எல்லாப் பேர்களுக்கும் பின்னால், தமிழில் ஒரே ஒரு அட்டை. தமிழ்க் குரல்கள் என்று போட்டு முதலில் தீக்ஷனா. கடைசி வரியில், முதிய கருப்பாயி: மேகலா. நானே இத்தனை நாளில் பார்த்ததில்லை. கிழவி பேசி முடித்ததுமே நிறுத்திவிடுவார்கள்.

திரை அணைந்தது. மேகலா கருவியை மறுபடி கழுத்துக்குக் கொண்டுபோனாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று அவள் உதட்டையே பார்த்தேன்.

“வளையல் சத்தம் நல்லாவே கேக்குது. ரீடேக் கேட்டிருக்கணும்.”

மே 29, வெள்ளி

பிளெஸ்ஸிக்குப் போன் போட்டேன். காத்திருக்கிறவருக்கு வேறு கருவி ஏற்பாடு செய்யச் சொல்லி டிரஸ்ட்டில் கேட்கிறாளாம், நாங்களும் ஒன்றுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுப்போம். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம், நான் டிப்போவில் இருக்கும்போதெல்லாம் மேகலா தனியாகப் பழகியிருக்கிறாள்.

காலை 5.40க்கு எழவில்லை. அசதி, அப்படியே தூங்கிவிட்டேன். 6.10க்குச் சமையலறையிலிருந்து மாவு மிஷின் சத்தம்.

“ஏங்க.”

கண்ணை மூடியபடியே கிடந்தேன். இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று.

“ஏங்க. பால் பொங்குது.”

எழுந்து போனேன்.